ஒப்பந்தப் போட்டோவும் ஐந்து ஃபோர்மேன்களும்

எந்தக் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தாலும் இப்போது இந்தப் போட்டோ இருக்கிறது. பின்னால் பேனர், முன்னால் இரண்டு பேர் ஆளுக்கொரு கோப்பைப் பிடித்துக்கொண்டு கைகுலுக்குகிறார்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துடன் புரிந்துணர்வு ஒப்பந்தமாம். சரி, நல்லதுதான். யார் போவார்கள், எத்தனை மாதம் இருப்பார்கள், விமான டிக்கெட் யார் செலவு என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு மாறிவிடும்.

சென்னை ஐஐடி உருவான கதையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். 1956இல் நேரு மேற்கு ஜெர்மனி போனபோது உதவுவதாகச் சொன்னார்கள். 1959இல் அப்போதைய மேற்கு ஜெர்மனித் தலைநகர் பானில் (Bonn) ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தில் கனவு, தொலைநோக்கு எல்லாம் முக்கியமில்லை, பட்டியல்தான் முக்கியம். 20 ஆய்வகங்களுக்கும் ஒரு மத்தியப் பட்டறைக்கும் கருவிகள், ஒரு நூலகம், சில ஆண்டுகள் இங்கேயே தங்கிப் பாடம் நடத்த ஜெர்மன் பேராசிரியர்கள், நம் ஆசிரியர்கள் 20 பேருக்கு ஜெர்மனியில் பயிற்சி. அப்புறம் ஐந்து ஃபோர்மேன்கள், அதாவது பட்டறை வேலையை மேற்பார்க்கும் ஆட்கள்.

எனக்குப் பிடித்த வரி அந்தக் கடைசி வரிதான். மெஷின் வந்து இறங்கினால் போதாது, அதை ஓட்டிக்காட்டவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும் என்று எவரோ யோசித்திருக்கிறார். அது இல்லாமல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமலே பழசாகிப்போன கருவிகளை நம் ஆய்வகங்களில் நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள்.

ஜெர்மானியர்கள் சும்மா கொடுக்கவில்லை. பனிப்போர்க் காலம் அது. பம்பாய் ஐஐடிக்கு சோவியத் உதவி, கான்பூருக்கு ஒன்பது அமெரிக்கக் கல்வி நிறுவனங்கள், டெல்லிக்கு பிரிட்டன். ஆளாளுக்கு ஒரு கணக்கு இருந்தது. இருக்கட்டுமே! கணக்கு இருந்ததால்தான் பணமும் ஆளும் வந்தன. இரு பக்கமும் எந்த லாபமும் செலவும் இல்லாத ஒப்பந்தத்தைத்தான் நான் நம்ப மாட்டேன்.

இப்போது அதே சென்னை ஐஐடி கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. 2023இல் தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. இந்தியாவுக்கு வெளியே ஒரு ஐஐடி வளாகம் அதுதான் முதல் முறை. அதன் பொறுப்பை ஏற்ற பிரீத்தி அகலாயம் ஒரு ஐஐடி வளாகத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே எத்தனை மாணவர்கள் சேர்ந்தார்கள் என்பதைவிட, பத்து வருடம் கழித்து எத்தனை ஆப்பிரிக்க ஆசிரியர்கள் அங்கே பாடம் நடத்துகிறார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். 1959இல் நமக்கு அந்த 20 பேரின் பயிற்சி எழுத்தில் இருந்தது. அவர்களுக்கும் அப்படி எழுத்தில் இருக்க வேண்டும்.