மண் போட்டு மூடினால் தீ அணைந்ததாகாது
தோட்டக் குப்பையை எரித்து முடித்ததும் மேலே மண்ணைப் போட்டு மூடினால் போதும், தண்ணீர் வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் அது சரியில்லை. மண் சுடரை மறைக்கும். உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற விடாது. கரிமூட்டம் போடுகிறவர்கள் விறகை மண்ணால் மூடுவதே, அது அணையாமல் நாள்கணக்கில் புகைந்து கரியாக வேண்டும் என்பதற்காகத்தான். அப்படிப் புதைந்த கங்கு காய்ந்த வேர் வழியாக நகரலாம், காற்று மண்ணைக் கலைத்ததும் மறுபடி பற்றலாம். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதுதான் என் பயம்.

நீங்களே சோதிக்கலாம். மூடிய குவியலைச் சில மணி நேரம் கழித்து நீளமான மண்வெட்டியால் தள்ளி நின்று கிளறுங்கள். சாம்பலுக்கு மேலே புறங்கையைப் பிடியுங்கள், தொட வேண்டாம். சூடு தெரிந்தால் தீ இன்னும் உயிரோடு இருக்கிறது. தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றுங்கள். சீறும் சத்தம் நின்று, அடிச்சாம்பல் சேறு மாதிரி குளிர்ந்த பிறகு இடத்தை விட்டுப் போங்கள். எரிக்க அனுமதி வாங்கியிருந்தால், அணைப்பது பற்றி அதில் என்ன நிபந்தனை இருக்கிறது என்றும் பாருங்கள்.