களை பிடுங்குவதும் வேலைதான், மாமா

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்தில் நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்த வீடியோவை உங்களில் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். மொய் எழுதுகிற இடத்தில் மைக்கை வாங்கி, "பேங்க்குல ஆபீசரா இருந்த பொண்ணு, இப்ப சும்மா களை புடுங்கிக்கிட்டு இருக்குது" என்று மாமா சொன்னார். பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று நாளாக ஆளாளுக்கு போன் செய்து, "மனசுல வச்சுக்காத கண்ணு" என்கிறார்கள். மனதில்தான் இருக்கிறது. இறக்கி வைக்க வேறு இடம் தெரியவில்லை.

களை பிடுங்குகிறேன் என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, பிடுங்கத்தான் செய்கிறேன். ராகிக் கொல்லையில் களையாக முளைக்கிற பண்ணைக்கீரையைத்தான் பறித்து வந்து கடைகிறேன், அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த 'சும்மா'தான் சுட்டது.

காலை நாலரைக்கு எழுகிறேன். மும்முனை கரண்ட் எந்த நேரத்தில் வருகிறதோ அந்த நேரத்தில் மோட்டாருக்கு ஓட வேண்டும், அது நடுராத்திரியாக இருந்தாலும். எங்கள் போர் 900 அடி. அந்தத் தண்ணீரில் உப்பு அதிகம், சொட்டுநீர்க் குழாயின் துளை வாரத்துக்கு நாலு இடத்தில் அடைத்துக்கொள்ளும். தக்காளி இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெள்ளை ஈ உட்கார்ந்திருந்தால் பின்னாலேயே இலைச்சுருள் நோய் வரும், வந்த செடியைப் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. வரப்போரம் செண்டுமல்லி வைத்திருப்பது அழகுக்காக என்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். காய்ப்புழுவின் அந்துப்பூச்சி தக்காளியை விட்டு அந்தப் பூவைத் தேடிப் போய் முட்டை வைக்கும், அதற்காக வைத்தது. இவ்வளவும் முடித்து எட்டு மணிக்கு அடுப்பு. களி, கீரைக் கடைசல், மொச்சைக் குழம்பு, ஒரு பொரியல். விற்பதற்கு 35 சாப்பாடு கட்டி, பன்னிரண்டு மணிக்குள் பாலக்கோட்டில் கொடுத்தாக வேண்டும். போர் தண்ணீரில் துவரம்பருப்பு சரியாக வேகாது, அதற்குக் குழாயில் வருகிற ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டும். இதில் எந்த இடம் சும்மா?

அந்த ஆபீசர் வேலையைப் பற்றியும் சொல்கிறேன். பெயரைச் சொல்ல மாட்டேன், ஒரு தனியார் வங்கி, 11 வருடம், கடைசி ஆறு வருடம் ஓசூரில். காலையில் டார்கெட் கேட்டு ஒரு போன், ராத்திரி ஒன்பது மணிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டு இன்னொரு போன். 34 வயதில் எனக்கு ரத்த அழுத்தம் 160க்கு 100. அதையாவது மாத்திரை போட்டுச் சமாளித்திருப்பேன்.

ஒரு பெரியவர் மாந்தோப்புக் குத்தகைப் பணத்தைக் கொண்டு வந்தார். பிக்சட் டெபாசிட் போட வந்தவர். அந்த மாதம் இன்சூரன்ஸ் விற்கிற டார்கெட் எனக்குக் குறைந்திருந்தது. டெபாசிட்டை விட நல்லது என்று சொல்லி ஒரு இன்சூரன்ஸ் பாலிசியில் கையெழுத்து வாங்கினேன். அவர் நம்பினார், என்னை "சாமி" என்றுதான் கூப்பிடுவார். அடுத்த வருடம் வந்து, "மறுபடியும் கட்டணுமா சாமி? போட்டதை எடுத்துக்கிட்டுப் போயிடறேனே" என்றார். ஐந்து வருடம் எடுக்க முடியாது என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. பாஸ்புக்கை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. அவரிடம் கையெழுத்து வாங்கிய மாதம் எனக்குப் பாராட்டு மெயிலும் வந்திருந்தது. மாமா மரியாதையான வேலை என்று சொல்வது இதைத்தான்.

"வீட்டுக்காரர் சம்பளம் இருக்கு, அம்மா நிலம் இருக்கு, அதனால முடிஞ்சது" என்பார்கள். உண்மைதான். அவர் வாத்தியார் வேலையில் இருக்கிறார், நிலம் அம்மாவுடையது. இரண்டும் இல்லாவிட்டால் என்னால் விட்டிருக்க முடியாது. எல்லோரும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுக் கொல்லைக்கு வாருங்கள் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. என்னோடு களையெடுக்க வருகிற இரண்டு அக்காக்களின் உழைப்புக்கு முன்னால் என்னுடையது பாதிகூட இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அப்பா வீட்டுப் பணத்தில் துணிக்கடை வைத்தவரை யாராவது சும்மா இருக்கிறார் என்கிறார்களா?

அடுத்தது, "படிச்ச படிப்பு வீணாப்போச்சு." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. எம்.காம். படித்ததால்தான் 2023ல் நான் நிலத்தை விற்காமல் தப்பித்தேன். அந்த ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது, ரேஷன் கடையில் அரசாங்கமே 60 ரூபாய்க்கு விற்றது, ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் தக்காளி நட்டார்கள், நானும் 60 சென்ட்டில் நட்டேன். காய் வந்தபோது மண்டியில் எனக்குக் கிடைத்தது கிலோவுக்கு ஆறு ரூபாய். பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போட்டுப் பார்த்தேன், பறித்தால் கிலோவுக்கு ஒரு ரூபாய் கையை விட்டுப் போகும். பக்கத்துக் கொல்லையில் மாட்டை அவிழ்த்து விட்டார்கள். நான் வீட்டுக்கு எடுத்து வந்து தொக்கு கிண்டினேன். பத்து கிலோ பழத்துக்கு இரண்டு கிலோ தொக்கு. எண்ணெய், விறகு, பாட்டில், என் கூலி என்று ஒவ்வொன்றாக எழுதி விலை வைத்தேன். வருடத்துக்கு நூறு ரூபாய் கட்டி உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தேன். அப்புறம்தான் சாப்பாடு கொடுக்க ஆரம்பித்தது. வங்கியில் ஒரு நாள்கூட என் படிப்பு இவ்வளவு வேலை செய்ததில்லை.

சரி, சம்பளம் குறைந்துவிட்டதே என்பார்கள். குறைந்துவிட்டது. வாங்கியதில் பாதிகூட வருவதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இதை நான் வீட்டில்கூடச் சொன்னதில்லை. புதுக் கணக்கு தொடங்க வருகிற பெண்களுக்கு விண்ணப்பத்தை நாங்களே பூர்த்தி செய்து கொடுப்போம். தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று எழுதுவேன், வருமானம் இல்லை என்று எழுதுவேன். கேட்டுக்கூட எழுதியதில்லை. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி போட்டுவிட்டு, நகத்தில் மண்ணோடு, முந்தானையில் முடிந்த பணத்தை அவிழ்த்துக் கொடுத்த பெண்ணுக்கும் அப்படித்தான் எழுதினேன். பிறகு அதே பெண் கடன் கேட்டு வந்தால், வருமானம் இல்லையே என்று அந்தப் பேப்பரைப் பார்த்தே திருப்பி அனுப்புவோம். மாமா மைக்கில் சொன்னதை நான் 11 வருடம் பேனாவில் எழுதியிருக்கிறேன். ராத்திரி தூக்கம் வராதபோது அந்த முகங்கள்தான் வருகின்றன.

என் அம்மாவையும் இந்தச் சொந்தபந்தம் நாற்பது வருடமாக 'வீட்டுல சும்மா இருக்குது' என்றுதான் சொன்னது. எங்கள் ஊர்த் தண்ணீரில் இருக்கிற புளோரைடு அவள் பல்லைப் பழுப்பாக்கியிருக்கிறது, அதனால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்னால் அரை மைல் போய்க் குடத்தில் கொண்டு வந்தவள். அவரை போட்டு, கொள்ளு போட்டு, மூன்று ஆடு வளர்த்து, விடிகாலையில் களி கிண்டி வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போவாள். நான் எம்.காம். படித்த பணம் அப்பாவின் சம்பளம் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். விடுதிக் கட்டணம் ஆடு விற்ற பணம். அவளை யாரும் ஒரு நாளும் மைக்கில் எதற்கும் பாராட்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பந்தியில் சிரிப்பு எழுந்தபோது அம்மா இலையை மூடிவிட்டாள். பாயசம் இன்னும் வரவில்லை. எனக்காக மூடினாள் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் வரும்போது, "என்னையும் சேத்துத்தான சிரிச்சாங்க" என்றாள்.

மாமா, நீங்கள் இதைப் படிப்பீர்கள், யாராவது காட்டுவார்கள். அன்றைக்குப் பந்தியில் எல்லோரும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிய கத்தரிக்காய் எங்கள் கொல்லையில் விளைந்தது. சனிக்கிழமை சாயந்திரம் நானும் அம்மாவும் பறித்து வண்டியில் ஏற்றி அனுப்பினோம். கத்தரிக்காய் 38 கிலோ, கிலோ 40 ரூபாய். அவரைக்காய் 12 கிலோ, கிலோ 60 ரூபாய். மொத்தம் 2,240. விசேஷம் முடிந்ததும் தருகிறேன் என்றீர்கள், இன்னும் வரவில்லை. சொந்தத்துக்குள் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். நான் கேட்கிறேன். அந்தப் பணத்தை என்னிடம் தர வேண்டாம், அம்மா கையில் கொடுங்கள்.