நகர்த்த வேண்டியது ஸ்டேஷனை அல்ல, ஷன்டிங்கை

ஒன்றாம் ரயில்வே கேட் மூடிவிட்டால் தூத்துக்குடியில் எல்லாருமே ரயில்வே மந்திரிதான். "ஸ்டேஷனத் தூக்கி மீளவிட்டான்ல வைங்கய்யா, ஊர் உருப்படும்" என்று, ஊருக்கு வெளியே இருக்கும் மீளவிட்டான் ஸ்டேஷனைக் காட்டி, பைக்கை ஆஃப் பண்ணிவிட்டு ஒருவர் ஆரம்பிப்பார். பக்கத்து ஆட்டோக்காரர் ஆமாம் போடுவார். தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டு அதன்மேல் ரோடு போடலாம் என்பார் இன்னொருவர். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவிலும் இப்போது இதே பேச்சுதான். அங்கே எழுதினால் சண்டையாகிவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அந்த யோசனை பிடிக்கவில்லை. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் பழங்கதை வேண்டும்.

இந்த ஊருக்கு ரயில் வந்தது 1876இல். அது நமக்காக வரவில்லை, பருத்திக்காக வந்தது. கோவில்பட்டி, விருதுநகர் பக்கத்துக் கரிசல் காட்டுப் பருத்தி மீட்டர் கேஜில் இங்கே வந்து இறங்கி, பொதியாக அழுத்தப்பட்டுக் கப்பல் ஏறியது. பழைய ஆட்கள் இன்றும் டபிள்யூ.ஜி.சி. ரோடு என்று சொல்கிறார்களே, அது மேற்கு கிரேட் காட்டன் ரோடுதான். கரையோரம் ஆழம் கிடையாது. பெரிய கப்பல் பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும், சரக்கானாலும் ஆளானாலும் தோணியிலோ லாஞ்சிலோ போய்த்தான் ஏற வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் போட் மெயிலில் இங்கே வந்து இறங்கினார்கள். 1911 ஜூன் 17 அன்று கலெக்டர் ஆஷ் மணியாச்சி ஜங்ஷனில் சுடப்பட்டபோது அவருடைய பெட்டி காத்துக்கொண்டிருந்ததும் அந்த வண்டியோடு கோப்பதற்காகத்தான்.

அப்புறம் 1914இல் பாம்பன் பாலம் திறந்தார்கள். போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. வண்டி போய்விட்டதே, இந்த ஊர் என்ன செய்யும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1974இல் தெற்கே கட்டிய புதிய துறைமுகம் பெருந்துறைமுகமானது. சரக்கு ரயில் அந்தப் பக்கம் திரும்பியது, மீளவிட்டானிலிருந்து துறைமுகத்துக்குத் தனிப்பாதை. தொண்ணூறுகளில் அகலப்பாதை வந்தது. பழைய துறைமுகம் மாலத்தீவுக்குப் போகும் தோணிகளோடு நின்றுகொண்டது.

ஆக, கப்பல் எங்கே போனதோ அங்கே தண்டவாளமும் போயிருக்கிறது. இந்த ஊரில் எந்த யார்டும் எந்த லைனும் ஆளைப் பார்த்துப் போடப்பட்டதில்லை. அதில் தப்பு என்று சொல்ல வரவில்லை. நிலக்கரியும் உரமும் நகர்ந்தால்தான் சம்பளம் வரும். (கன்டெய்னரில் பெரும்பகுதி இன்னும் லாரியில்தான் போகிறது என்பது தனிக் கதை.) ஆனால் சரக்கெல்லாம் வெளியே போனபிறகு ஊருக்குள் மிச்சமிருப்பது பயணிகள் ஸ்டேஷன் ஒன்றுதான். நமக்கு என்று இருக்கும் அந்த ஒன்றையும் சரக்கு போன வழியிலேயே அனுப்பிவிடலாம் என்று நாமே சொல்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, கேட் தொல்லை உண்மையா? முழுக்க உண்மை. வடக்கே போல்பேட்டை, தெற்கே பிரையண்ட் நகர், நடுவே தண்டவாளம். முகவரி சொல்வதே ஒன்றாம் கேட், இரண்டாம் கேட் என்று கேட்டை வைத்துத்தான். மூன்றாம் கேட்டில் மேம்பாலம் வந்துவிட்டது, அங்கே பிழைத்தோம். முதல் இரண்டிலும் இன்னும் நிற்கிறோம்.

ஆனால் ஏன் இவ்வளவு நேரம் மூடுகிறார்கள் என்று எத்தனை பேர் கவனித்திருப்போம்? வண்டி வருவதும் போவதும் பெரிய விஷயமே இல்லை. ஒரு ரயில் நேராக வந்து கடந்துபோக இரண்டு மூன்று நிமிடம். உயிரை எடுப்பது ஷன்டிங். இது லைன் முடியும் ஸ்டேஷன். வந்த ரேக்கை, அதாவது பெட்டிகளின் வரிசையை, வெளியே இழுத்து, லைன் மாற்றி, பின்னோக்கித் தள்ளி, பிட் லைனில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கேதான் கழுவுவது, அடியில் பார்ப்பது எல்லாம். யார்டு குட்டை என்பதால் இழுத்த ரேக்கின் தலை ஒன்றாம் கேட்டைத் தாண்டிவிடுகிறது. கேட் பூட்டியிருந்தால்தான் சிக்னலே விழும், இன்டர்லாக்கிங் அப்படி. எனவே ரேக் போய், நின்று, யோசித்து, திரும்பி வரும்வரை கட்டை தூக்காது. கேட்கீப்பரைத் திட்டிப் பயன் இல்லை, அவர் கையில் ஒன்றும் கிடையாது.

இதில் நேரம் வேறு பாருங்கள். சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் காலையில் வந்து சேர்கிறது. ஆள் இறங்கி முடித்து ரேக்கை இழுக்க ஆரம்பிக்கும்போது சரியாகப் பள்ளிக்கூட நேரம். போன மழைக்காலத்தில் ஒருநாள் நான் நின்ற இடத்தில் முன்னால் ஒரு உப்பு லாரி. தார்ப்பாய் ஓரமாக உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தண்டவாளத்துப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்கூட்டியில் அம்மா பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை, முதல் பீரியட் பரீட்சை போலிருக்கிறது, நோட்டைத் திறந்து வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தது. எதிரே காலிப் பெட்டிகள் அசையாமல் நின்றன. துருவேறிய கிளிப்புகளை எண்ணுவதைத் தவிர எனக்கு வேலை இல்லை. கடல்காற்றில் இரும்பு நிற்காது என்பது இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

மேம்பாலம் கட்டலாமே என்பார்கள். ஒன்றாம் கேட்டில் இருபுறமும் கடைகள், ஏற்றம் இறக்கத்துக்கு இடம் எங்கே? சுரங்கப்பாதை என்பார்கள். கடல்மட்டத்தில் இருக்கும் ஊரில் பள்ளம் தோண்டினால் ஐப்பசி கார்த்திகையில் அது குளம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் இதைச் சொல்கிறவர்களுக்கு நல்ல தைரியம்.

என் யோசனை இதுதான். ஸ்டேஷன் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். பிட் லைனையும் ரேக் நிறுத்துவதையும் மீளவிட்டானுக்குக் கொண்டுபோங்கள். இப்போது மணியாச்சியிலிருந்து இரட்டைப் பாதையும் மின்சாரமும் வந்துவிட்டன, காலி ரேக் போய்வரத் தடை இல்லை. "அப்போதும் கேட் மூடத்தானே செய்யும், இரண்டாம் கேட்டும் சேர்ந்து மூடுமே" என்று கேட்பீர்கள். மூடும். ஆனால் நேராகக் கடந்துபோகும் வண்டிக்கு மூன்று நிமிடம் மூடுவதும், முன்னும் பின்னும் நகரும் ரேக்குக்கு மூடுவதும் ஒன்றா? அதோடு காலி ரேக்கைப் பிளாட்பாரத்திலேயே நிறுத்தி வைத்துப் பதினொரு மணிக்கும் அனுப்பலாம். இங்கே என்ன, பிளாட்பாரம் கிடைக்காமல் வண்டி வரிசையிலா நிற்கிறது? காசு செலவாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம், காலை ஷன்டிங்கைப் பத்து மணிக்குமேல் தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தூத்துக்குடி மேலூர் ஸ்டேஷனைப் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் மாற்றினார்கள், அது நல்ல வேலை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தே போய் ரயில் ஏறலாம். மீளவிட்டானில் என்ன இருக்கிறது? ராத்திரி மக்ரூன் டப்பாவும் கையுமாக ஸ்டேஷனுக்கு ஓடும் கூட்டத்தில் பாதிப்பேர் ஷேர் ஆட்டோவிலும் நடந்தும் வருகிறவர்கள். கார் வைத்திருப்பவனுக்கு மீளவிட்டான் ஒன்றும் தூரமில்லை.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக வரவேண்டிய புதுப்பாதையை நினைத்தால் இன்னும் எரிச்சல். மீளவிட்டானிலிருந்து மேலமருதூர் வரை சுமார் 18 கிலோமீட்டர் போட்டார்கள். 2025 ஜனவரியில் அந்தத் திட்டமே கைவிடப்படுகிறது என்று செய்தி வந்து, சில நாளில் இல்லை இல்லை அது தனுஷ்கோடி பாதை, இரைச்சலில் ரயில்வே மந்திரி காதில் கேள்வி தவறாக விழுந்துவிட்டது என்று விளக்கம் வந்தது. ஒரு மாவட்டத்தின் ரயில் பாதை இரைச்சலில் காணாமல் போய்த் திரும்பி வந்த கதையை வேறெங்கும் கேட்டதில்லை.

ஆனால் பாதை, பிட் லைன் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்க வேண்டும். சென்னை–குருவாயூர் வண்டியோடு மணியாச்சியில் கோக்கும் லிங்க் பெட்டிகள் இருந்தன, கோவைக்கும் அப்படி ஒரு லிங்க் இருந்தது. கொரோனாவில் நிறுத்தியவர்கள் திரும்ப விடவே இல்லை. பகலில் சென்னை போக வேண்டுமென்றால் மணியாச்சிக்கு நாமே போய்ச் சேர்ந்து, மூட்டை முடிச்சோடு நின்று ஏற வேண்டியிருக்கிறது. அதற்கு நிலம் எடுக்க வேண்டாம், டெண்டர் வேண்டாம். நான்கைந்து பெட்டியும் ஒரு இன்ஜினும் போதும். ஸ்டேஷனை மாற்றச் சொல்லி மனு எழுதத் தயாராக இருக்கும் நம் குழு நண்பர்கள் முதலில் இதற்கு ஒன்று எழுதட்டும், முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.