சொந்தத் தளத்துக்கான மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் வெளியேறும் வழியைப் பாருங்கள்

முகநூலில் பல ஆண்டுகளாக நல்ல கட்டுரைகள் எழுதிவரும் நண்பர்கள் சிலர் அண்மைக்காலமாகத் தங்களுக்கென ஒரு தளம் தொடங்க விரும்புகிறார்கள்; எந்த மென்பொருளில் தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னவற்றைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஒரு மென்பொருளுக்குள் எவ்வளவு எளிதாக நுழைய முடிகிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். எழுதியவை அனைத்தையும் அவற்றின் முகவரிகளோடு எடுத்துக்கொண்டு எவ்வளவு எளிதாக வெளியேற முடிகிறது என்பதை வைத்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வார்ப்புருவின் (தளத்தின் தோற்றத்தை அமைக்கும் அச்சு) அழகு, எழுதும் பெட்டியின் வசதி, கட்டணம் எல்லாம் அதற்குப் பின்னரே வரவேண்டும்.

வலைப்பதிவின் வரலாற்றைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. சொந்தப் பக்கங்கள் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. வலைப்பதிவுச் சேவைகளான வாக்ஸ் 2010இலும், போஸ்டரஸ் 2013இலும், சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019இலும் மூடப்பட்டன. இவை இலவசச் சேவைகள், ஆகவே மூடப்பட்டன என்று சமாதானம் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. 2003இல் தொடங்கி, பயனர்களிடம் தொடர்ந்து கட்டணம் வாங்கிக்கொண்டு நடந்த டைப்பேட் என்ற வலைப்பதிவுச் சேவை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்பட்டது. அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே பயனர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஒரு மாதம்தான். இருபது ஆண்டு எழுத்தை ஒரு மாதத்தில் வேறிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டிய நிலை பணம் கட்டியவர்களுக்கும் வந்தது.

தமிழ்ப் பதிவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒரு நிகழ்வு உண்டு. பைரா லேப்ஸ் என்ற நிறுவனம் 1999இல் தொடங்கிய பிளாக்கர் என்ற வலைப்பதிவுச் சேவையைக் கூகுள் 2003இல் வாங்கியது. தமிழில் வலைப்பதிவு பரவியதும் அதையொட்டிய ஆண்டுகளில்தான். தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தபோது அதில் திரண்ட பதிவுகளில் பெரும்பகுதி பிளாக்கர் தரும் பிளாக்ஸ்பாட் முகவரிகளில் இருந்தது. 2012இல் கூகுள், வாசகரின் நாட்டுக்கேற்ப அந்த முகவரிகளைத் திருப்பிவிடத் தொடங்கியது; இந்தியாவிலிருந்து படித்தவர்கள் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்ற முகவரியையே கண்டார்கள், அதையே நகலெடுத்துப் பகிர்ந்தார்கள், தங்கள் கட்டுரைகளில் இணைப்பாகவும் கொடுத்தார்கள். பின்னர் அந்தத் திருப்பிவிடல் நிறுத்தப்பட்டது. 2020இல் அந்த டாட் இன் பெயரின் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போனது. பதிவுகள் தம் மூல முகவரியில் அப்படியே இருந்தன. ஆனால் ஆண்டுக்கணக்கில் பகிரப்பட்ட அந்த இணைப்புகள் எங்கும் கொண்டுசேர்க்காதவை ஆகிவிட்டன. இதில் எழுதியவர்களின் பிழை எதுவும் இல்லை. முகவரி அவர்களுடையதாக இருக்கவில்லை என்பதே காரணம்.

ஆகவே மென்பொருளைப் பற்றி யோசிக்கும் முன் சொந்தமாக ஒரு டொமைன் பெயரை, அதாவது உங்கள் தளத்துக்கே உரிய இணைய முகவரிப் பெயரை, வாங்குங்கள். அதை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே திறந்த கணக்கில் வாங்க வேண்டும். தளம் அமைத்துத் தருபவரே டொமைனையும் தன் கணக்கில் வாங்கித் தருவது நம் ஊரில் வழக்கமாக இருக்கிறது. பின்னாளில் அவர் தொழிலை மாற்றிக்கொண்டாலோ தொடர்பில் இல்லாமல் போனாலோ, எழுதியவர் தன் பெயரையே மீட்க முடியாமல் தவிப்பதைக் கண்டிருக்கிறேன். சொந்த டொமைன் இருந்தால் பிளாக்கரில்கூடத் தொடங்கலாம். அதை இணைத்துக்கொள்ளப் பிளாக்கர் தனியே பணம் கேட்பதில்லை. நாளை வேறு மென்பொருளுக்குப் போனாலும் வாசகருக்குத் தெரிந்த பெயர் மாறாது.

அடுத்து, ஒவ்வொரு பதிவின் முகவரி. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இல்லாத சிக்கல் இது என்பதால் ஆங்கில வழிகாட்டிகளில் இதைக் காண முடியாது. தலைப்பு முழுவதும் தமிழில் இருந்தால் பிளாக்கர் அதிலிருந்து முகவரியை உருவாக்குவதில்லை. ‘பிளாக் போஸ்ட்’ என்பதற்குப் பின் ஒரு எண்ணை ஒட்டிவிடுகிறது. பழைய தமிழ்ப் பதிவுகளின் முகவரிகளைப் பாருங்கள்: ஆண்டு, மாதம், அதன்பின் எல்லாருக்கும் பொதுவான அந்தச் சொல். எது கவிதை, எது பயணக் கட்டுரை என்று முகவரியைக் கொண்டு அறிய வழியே இல்லை.

வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை முகவரியாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதைத் தரவுத்தளத்தில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியையும் விழுக்காட்டுக் குறிகள் (%) கலந்த 9 இடங்களாக விரித்து எழுதுகிறது. முகவரிக்கென அங்கே ஒதுக்கப்பட்ட புலத்தின் அளவோ 200 இடங்கள். அதாவது 22 குறிகளுக்கு மேல் போனால் முகவரி வெட்டப்படும். எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியாக்கமான யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் என்பதால், ‘மொழிபெயர்ப்பு’ என்ற ஒரு சொல்லே 13 குறிகளையும் 117 இடங்களையும் எடுத்துக்கொள்கிறது. அப்படி இரண்டு சொற்கள் வந்தாலே இரண்டாவது சொல் பாதியில் அறுந்து நிற்கும். அந்த முகவரியை வாட்ஸப்பில் ஒட்டினால் பெரும்பாலும் எழுத்தும் எண்ணும் கலந்த நாலைந்து வரிக் குழப்பமாகத் தெரிகிறது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட, தளம் கட்டுவதற்கான சட்டகமான ஜாங்கோவில், முகவரியில் யூனிகோடை அனுமதித்தாலும், உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தாகக் கருதப்படாமல் நீக்கப்படுவதால் ‘தமிழ்’ என்பது ‘தமழ’ ஆகிவிடும். இத்தனையையும் பார்த்த பின்தான், ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு மூன்று சொற்களில் ரோமன் எழுத்தில் ஒரு முகவரியை நாமே கையால் தர வேண்டும் என்ற முடிவுக்கு வந்தேன். தமிழ்ப் பதிவுக்குத் தமிழ் முகவரியே வேண்டும் என்று வாதிடும் நண்பர்களின் உணர்வை மதிக்கிறேன். அதே உணர்வு எனக்கும் உண்டு. ஆனால் முகவரியின் முதல் கடமை அறுந்துபோகாமல் இருப்பது.

அந்த முகவரியில் ஆண்டும் மாதமும் வேண்டுமா என்பது அவரவர் விருப்பம். எதைத் தேர்ந்தாலும் முதல் நாளே தேர்ந்து, பிறகு மாற்றாமல் இருங்கள்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். 2000களின் தொடக்கத்தில் தனித் தளம் வைத்திருந்தவர்களிடையே பெயர்பெற்றிருந்தது மூவபிள் டைப் என்ற வலைப்பதிவு மென்பொருள். பதிவை வெளியிடும்போதே பக்கங்களை முழுமையான கோப்புகளாகக் கட்டி வைத்துவிடும் முறை அதனுடையது. 2004இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது உரிம விதிகள் மாற்றப்பட்டு, இலவசப் பயன்பாட்டுக்கு எல்லை வகுக்கப்பட்டது. அதனால் மனம் வெறுத்த பலர், மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே மாதத்தில் வெளியிட்டிருந்த வேர்ட்பிரஸுக்கு மாறினார்கள். அந்த வேர்ட்பிரஸே பி2 என்ற பழைய மென்பொருளின் மூலநிரலை எடுத்து வளர்த்ததுதான். யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் இருந்த பி2வின் வளர்ச்சி நின்றுபோனபோதும் மற்றவர்கள் அதைத் தொடர முடிந்தது. உரிமத்தைப் படித்துப் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். அது வழக்கறிஞர்களுக்கான சங்கதி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உங்கள் தளம் பத்தாண்டுகளுக்குப் பின் இயங்குமா என்பதை முடிவுசெய்யும் ஆவணம் அது.

கைபேசியில் எழுதி, கைபேசியிலேயே வெளியிடும் பழக்கமுள்ள, கணினி நிரலில் ஈடுபாடு இல்லாத தமிழ் எழுத்தாளருக்கு, சொந்த ஹோஸ்டிங்கில் (தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்குப் பெறும் இடம்) நிறுவிய வேர்ட்பிரஸையே பரிந்துரைக்கிறேன். பின்னூட்டம், தேடல், செய்தியோடை எல்லாம் அதில் முதலிலிருந்தே உள்ளன. எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம், கூடுதல் வசதிகளுக்காகச் சேர்க்கப்படும் செருகுநிரல்கள். வேர்ட்பிரஸ் தளங்கள் தாக்கப்படுவது பெரும்பாலும் அதன் மையநிரல் வழியாக அல்லாமல், கவனிப்பாரற்றுப் போன செருகுநிரல்களும் வார்ப்புருக்களும் திறந்துவைத்த ஓட்டைகள் வழியாகத்தான். அதைவிட எனக்குக் கவலை தருபவை, பக்கத்தை அழகாக அடுக்கித் தருவதாகச் சொல்லும் சில வடிவமைப்புச் செருகுநிரல்கள். அவை கட்டுரைக்குள்ளேயே தமக்கு மட்டும் புரியும் சதுர அடைப்புக் குறியீடுகளை எழுதிவைக்கின்றன. செருகுநிரலை நீக்கிய அன்று உங்கள் எல்லாப் பதிவுகளிலும் அந்தக் குறியீடுகள் வெறும் எழுத்தாக வந்து நிற்கும். 2018 டிசம்பரில் வந்த வேர்ட்பிரஸ் ஐந்தாம் பதிப்பின், ஒவ்வொரு பத்தியையும் படத்தையும் தனித்தனிப் பெட்டியாகக் கையாளும் எழுதுகருவியைப் பலர் வெறுத்தாலும், அது தன் குறிப்புகளை வாசகர் கண்ணுக்குத் தெரியாத எச்டிஎம்எல் குறிப்புரைகளாகவே வைக்கிறது. எழுத்து எழுத்தாகவே மிஞ்சுகிறது. அந்த ஒரு காரணத்துக்காக அதை நான் ஆதரிக்கிறேன்.

வார்ப்புருவைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் மாதிரிப் பக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைப் பார்த்து மயங்காமல், தங்கள் தமிழ்ப் பத்தி ஒன்றை இட்டுப் பார்க்க வேண்டும். வரி இடைவெளி குறைவாக இருந்தால் எழுத்துக்கு மேலும் கீழும் நீளும் மேல்விலங்கும் கீழ்விலங்கும் அடுத்த வரியோடு மோதும்.

கணினியில் உட்கார்ந்து எழுதுபவர், கோப்புகளைக் கையாளத் தயங்காதவர் என்றால் என் பரிந்துரை மாறும். டாம் பிரெஸ்டன்-வெர்னர் 2008இல் வெளியிட்ட ஜெகில், அதன்பின் 2013இல் வந்த ஹியூகோ போன்றவை, மூவபிள் டைப்பைப் போலவே பக்கங்களை முன்கூட்டியே கட்டிவைக்கும் முறைக்குத் திரும்பின. ஒவ்வொரு பதிவும் மார்க்டவுன் என்ற எளிய குறியீட்டு முறையில் எழுதிய ஒரு சாதாரண உரைக் கோப்பு. தரவுத்தளம் கிடையாது, தாக்குவதற்கு உள்நுழைவுப் பக்கமும் கிடையாது. கட்டிமுடித்த தளத்தைக் கிட்ஹப் பேஜஸ் போன்ற இடத்தில் இலவசமாகவே வைக்கலாம். அந்த நிறுவனம் நாளை மூடப்பட்டாலும் மூலக் கோப்புகள் உங்கள் கணினியில் இருக்கின்றன. வெளியேறுதல் என்ற அளவுகோலில் இதற்கு இணை இல்லை. பின்னூட்ட வசதி இல்லாததும், பேருந்தில் செல்லும்போது ஒரு பிழையைத் திருத்த முடியாததும் உண்மையான குறைகள்தான். அவற்றைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் இதற்குள் வந்து எழுதுவதையே நிறுத்திவிடக் கூடாது என்பதால்தான் எல்லோருக்கும் இதைச் சொல்வதில்லை.

எதில் எழுதினாலும், நூறு பதிவுகள் சேரும் வரை காத்திராமல், நான்கைந்து பதிவுகள் வந்தவுடனேயே ஏற்றுமதி வசதியைச் சோதித்துப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தரும் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் இருக்கும், படங்கள் இருக்காது. படங்களின் முகவரிகள் மட்டுமே அதில் உண்டு. புதிய தளத்தில் இறக்கும்போது பழைய தளம் உயிரோடு இருந்தால்தான் படங்கள் வந்து சேரும். பலரும் இதை அறியாமல், அந்த ஒரு கோப்பைக் காப்புநகல் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். படங்கள் இருக்கும் கோப்புறையைத் தனியே நகலெடுத்து, ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு வெளியே வைத்திருப்பது மிக அவசியம். யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் டிஸ்கி, டேப், அல்லது ஒரு பத்திரிகைக்கு மட்டுமேயான எழுத்துரு என்று ஏதோ ஒரு குறியாக்கத்தில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கங்கள், கோப்பு அழியாமல் இருந்தும் படிக்க முடியாமல் கிடந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அதனால் கட்டுரையின் இறுதி வடிவத்தை யூனிகோட் உரைக் கோப்பாகவும் சேமிக்கச் சொல்கிறேன்.

திறந்த மூல மென்பொருளைத் தேர்ந்துவிட்டால் கவலை தீர்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. 2024இல், வேர்ட்பிரஸ் நிரலையும் செருகுநிரல்களையும் வழங்கும் தளமான வேர்ட்பிரஸ் டாட் ஆர்க், டபிள்யூபி எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தைத் தன் புதுப்பித்தல் சேவைகளிலிருந்து தடுத்தபோது, இரு தரப்புக்கும் இடையிலான சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத தள உரிமையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். நிரல் பொதுவுடைமை, ஆனால் புதுப்பித்தல்கள் வரும் வாசல் ஒரு சிலர் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஜிபிஎல் உரிமம் உள்ளவரை வேறு வாசலைத் திறக்க முடியும். 2018இல் கிளாசிக்பிரஸ் வேர்ட்பிரஸிலிருந்து அவ்வாறுதான் பிரிந்து வளர்ந்தது.

சொந்தத் தளத்துக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் ஒன்றுக்கு மட்டும் என்னிடம் முழுமையான பதில் இல்லை. எழுதியவர் மறைந்துவிட்டால், ஆண்டுக் கட்டணம் நிற்கும். டொமைனும் ஹோஸ்டிங்கும் போகும். பிளாக்ஸ்பாட்டில் இலவசமாக எழுதியவரின் பதிவுகளோ அவருக்குப் பின்னும் இன்று வரை படிக்கக் கிடைக்கின்றன. இது நியாயமான வாதம். ஆனால் 2 ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கக்கூடும் என்று கூகுள் 2023இல் அறிவித்த பிறகு, இலவசத்தின் நிலைத்தன்மையையும் முழுமையாக நம்ப எனக்கு மனம் வரவில்லை. அதே ஆண்டு, வேர்ட்பிரஸ் தளங்களைத் தன் இடத்திலேயே நடத்தித் தரும் வேர்ட்பிரஸ் டாட் காம் நூறாண்டுத் திட்டம் ஒன்றை 38,000 டாலருக்கு அறிவித்தது. தமிழில் எழுதும் யாருக்கும் அது எட்டும் தொகை அன்று. நம்மால் இயன்றது, டொமைனை ஒரே தவணையில் அதிகபட்சமாக அனுமதிக்கப்படும் 10 ஆண்டுகளுக்குப் பதிவுசெய்வதும், இணையப் பக்கங்களின் நகல்களைப் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பதிவுகளை அவ்வப்போது சேமித்துவைப்பதும்தான். இவற்றோடு, கணக்கு விவரங்களை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, வேர்ட்பிரஸ் தளத்தை நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றித் தரும் செருகுநிரல் ஒன்றைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுத் தளத்தின் நகலையும் எடுத்து அவரிடம் கொடுத்துவைக்கலாம். அந்தக் கோப்புறையைத் திறந்து படிக்க ஹோஸ்டிங்கும் வேண்டாம், தரவுத்தளமும் வேண்டாம். அவருடைய கணினியில் ஓர் உலாவி இருந்தால் போதும்.