சூளையின் எரிபொருளை மாற்றினால் மட்டும் போதாது

"சிமெண்ட் ஆலைகள் நிலக்கரியை விட்டுச் சூரிய மின்சாரத்துக்கு மாறிவிட்டால் கரியமில வாயு வெளியேற்றம் பூஜ்ஜியமாகிவிடும்" என்று சொல்லப்படுவது சரியன்று. சிமெண்ட் உற்பத்தியில் வெளிவரும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 60 விழுக்காடு எரிபொருளிலிருந்து வருவதே இல்லை. சுண்ணாம்புக்கல் சூளையில் சிதையும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவை எந்த வெப்பத்தைக் கொண்டு முழுமையாகச் சுட்டாலும் 44 கிலோ வாயு வந்தே தீரும். ஆகவே, சூளையில் சுட்டெடுத்துச் சிமெண்டாக அரைக்கப்படும் கட்டியான கிளிங்கரின் ஒரு பகுதிக்குப் பதிலாக இரும்பு உலைக் கசடு, அனல்மின் நிலையச் சாம்பல், சுட்ட களிமண் ஆகியவற்றைச் சேர்ப்பதும், எஞ்சும் வாயுவைப் பிடித்து நிலத்தடியில் சேமிப்பதும் தவிர்க்க முடியாதவை. நார்வேயின் பிரேவிக் சிமெண்ட் ஆலையில் 2025இல் தொடங்கப்பட்ட அமைப்புகூட ஆண்டுக்கு 4 லட்சம் டன்னை, அதாவது அவ்வாலையின் வெளியேற்றத்தில் ஏறக்குறையப் பாதியைப் பிடிக்கவே வடிவமைக்கப்பட்டது.