உபாகமம் 28-ஐ 14-ஆம் வசனத்தோடு மூடிவைக்கிறவர்களுக்கு

வேதாகமத்தில் மோசேயின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்தின் 28-ஆம் அதிகாரத்தைக் கடைசிவரை வாசித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மொத்தம் 68 வசனங்கள். ஆசீர்வாதம் முதல் 14 வசனங்களில் முடிந்துவிடும். மீதி 54-ம் சாபம். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பது 13-ஆம் வசனம். நமக்கு மனப்பாடம். அதே தலையும் அதே வாலும் 44-ஆம் வசனத்தில் இடம் மாறி வருகின்றன: அந்நியன் தலையாயிருப்பான், நீ வாலாயிருப்பாய். அந்த வசனத்தை ஜெபத்தில் உரிமைபாராட்டி யாரும் நான் கேட்டதில்லை.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அந்த 14 வசனங்களை வாக்குத்தத்தம் என்று எடுத்துக்கொள்கிறோமே, அது வாக்குத்தத்தமே இல்லை என்பதுதான் என் வாதம். அது நியாயப்பிரமாணம், அதாவது மோசே மூலம் இஸ்ரவேலுக்குக் கொடுக்கப்பட்ட சட்டம். "நீ செவிகொடுத்தால்" என்று தொடங்கி, "செவிகொடாவிட்டால்" என்று திரும்புகிற ஓர் உடன்படிக்கையின் முதல் பாதி. முதல் பாதியை மட்டும் கிழித்து எடுத்துக்கொள்ள அதில் இடமில்லை. "செய்தால் கிடைக்கும்" என்கிற ஏற்பாட்டுக்குள் ஒருவன் கால் வைத்தால், "செய்யாவிட்டால்" என்பதற்கும் சேர்த்தே கையெழுத்துப் போடுகிறான்.

அப்போஸ்தலனாகிய பவுலுக்கு இது நன்றாகத் தெரியும். கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு எழுதிய நிருபத்தில் (கலாத்தியர் 3:10) அவர் எடுத்துக் காட்டுகிற வசனம் உபாகமம் 27:26. அதாவது நாம் விரும்பி வாசிக்கிற 28-ஆம் அதிகாரத்துக்கு நேர் முந்திய வசனம். எழுதப்பட்டவைகளை எல்லாம் செய்து அவைகளில் நிலைத்திராதவன் சபிக்கப்பட்டவன். "எல்லாம்" என்பதுதான் இங்கே ஆளைக் கொல்கிறது. யூத மரபு நியாயப்பிரமாணத்தின் கட்டளைகளை 613 என்று கணக்கிடுகிறது. அதில் 600-ஐச் செய்துவிட்டேன், மீதியைப் பார்த்துச் செய்யுங்கள் என்று பேரம் பேச முடியாது. விருத்தசேதனம் (ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு) என்ற ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்த கலாத்தியருக்குப் பவுல் எழுதியதும் அதுதான்: அந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் முழுவதையும் நிறைவேற்ற நீ கடனாளி (5:3).

சரி, அப்படியானால் எதுதான் வாக்குத்தத்தம்?

இங்கே பவுல் செய்கிற வாதம் எனக்கு எப்போதும் பிடிக்கும். உணர்ச்சியைத் தொடாமல், காலவரிசையைக் காட்டுகிறார். ஆபிரகாமுக்கு வாக்குக் கொடுக்கப்பட்டு 430 வருஷங்களுக்குப் பிறகுதான் நியாயப்பிரமாணம் வந்தது. மனுஷர் செய்த உடன்படிக்கையைக்கூட உறுதிசெய்த பிறகு யாரும் தள்ளுவதோ, புது நிபந்தனை சேர்ப்பதோ கிடையாது. அப்படியிருக்க, தேவன் உறுதிசெய்ததைப் பின்னால் சீனாய் மலையில் வந்த நியாயப்பிரமாணம் எப்படிக் கெடுக்கும்? (430 என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வேத அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எபிரெய யாத்திராகமம் 12:40 எகிப்தில் இருந்த காலத்தை மட்டும் சொல்கிறது, கிரேக்கத் திருப்புதல் கானானையும் சேர்த்துச் சொல்கிறது. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஆபிரகாம் முந்தினவர், மோசே பிந்தினவர். பவுலுக்கு அது போதும்.)

அந்த உறுதிப்பாடு எப்படி நடந்தது என்று ஆதியாகமம் 15-இல் போய்ப் பார்க்க வேண்டும். மிருகங்களை இரண்டாகப் பிளந்து எதிரெதிரே வைக்கிறார்கள். அந்தத் துண்டங்களின் நடுவே கடந்துபோவதன் பொருள் எரேமியா 34-இல் தெரியும்: உடன்படிக்கையை மீறினால் எனக்கும் இந்தக் கதிதான். இரண்டு தரப்பும் நடக்க வேண்டிய இடம் அது. ஆனால் ஆபிரகாம் அயர்ந்த நித்திரையில் கிடக்கிறார். புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் கடந்துபோகின்றன. நடந்தவர் ஒருவரே, மற்றவர் தூங்கிக்கொண்டிருந்தார். கிருபையைப் பற்றி இதைவிடத் தெளிவான காட்சி பழைய ஏற்பாட்டில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தில்தான் ஆபிரகாம் விசுவாசித்தார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது என்று வருகிறது. விருத்தசேதனம் அப்போது இல்லை. அடுத்த அதிகாரத்தில் இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு வயது 86. விருத்தசேதனம் நடக்கும்போது 99. ஆக, எந்தச் சடங்கும் இல்லாமல் குறைந்தது 13 வருஷம் அந்த மனிதர் தேவன் முன் நீதிமானாக நடமாடிக்கொண்டிருந்தார். ரோமர் 4-இல் பவுல் கேட்பது இதைத்தான்: எப்போது எண்ணப்பட்டது, விருத்தசேதனத்துக்கு முன்னா, பின்னா?

அப்புறம், அந்த வாக்குத்தத்தத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். "ஆபிரகாமின் ஆசீர்வாதம்" என்றவுடன் ஆடு, மாடு, பொன், வெள்ளி என்று போகிறவர்கள் கலாத்தியர் 3:14-ஐ நிதானமாக வாசிக்கலாம். ஆபிரகாமின் ஆசீர்வாதம் புறஜாதிகளுக்கு (யூதரல்லாதவர்களுக்கு) வரும்படியாக, ஆவியைக்குறித்துச் சொல்லப்பட்ட வாக்குத்தத்தத்தை விசுவாசத்தினாலே நாம் பெறும்படியாக என்கிறார் பவுல். நீதிமான் என்ற தீர்ப்பு, உள்ளே வாசம்பண்ணுகிற ஆவி, "அப்பா பிதாவே" என்று கூப்பிடுகிற உரிமை, சுதந்தரவாளி என்ற நிலை. இவற்றுக்கெல்லாம் 54 வசனச் சாபம் பின்னால் நிற்கவில்லை. அந்தச் சாபத்தை மரத்தில் தூக்கப்பட்ட ஒருவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டார் என்று அதற்கு முந்திய வசனம் சொல்கிறது.

நியாயப்பிரமாணம் கெட்டது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது பரிசுத்தமுள்ளது என்று பவுலே சொல்கிறார். 119-ஆம் சங்கீதம் 176 வசனங்களுக்கு அதைக் காதலிக்கிறது. சீனாயிலும்கூட வரிசை சரியாகத்தான் இருந்தது: எகிப்திலிருந்து விடுதலையான பஸ்கா யாத்திராகமம் 12-இல், பத்துக் கட்டளைகள் 20-இல். முதலில் விடுதலை, பிறகுதான் கட்டளை. ஆனால் அதன் வேலைக்கு ஒரு காலஎல்லை உண்டு. கிரேக்க, ரோம வீடுகளில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், ஒழுங்காக நடக்கிறானா என்று கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் அடிமை இருப்பான். பிள்ளை வளர்ந்தால் அவன் வேலை முடிந்தது. நியாயப்பிரமாணத்துக்குப் பவுல் கொடுக்கிற இடம் அது.

இதுவரை சொன்னதற்குப் பெரும்பாலான விசுவாசிகள் ஆமென் சொல்வார்கள். கிரியையினால் இரட்சிப்பு என்று எந்தப் பிரசங்கியாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிக்கல் அதற்கடுத்த நாளில் தொடங்குகிறது. நுழைவு இலவசம், உள்ளே வந்தபிறகு மாதச் சந்தா என்ற மாதிரி ஓர் ஏற்பாடு சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருவருக்கு வியாதி வந்தால் "எதில் குறைவைத்தீர்கள்?" என்று கேட்கிறோம். வேலை போனால் காணிக்கைக் கணக்கைப் பார்க்கச் சொல்கிறோம். ஒரு நாள் அதிகாலை ஜெபம் தவறினால் அன்றைக்கு நடக்கிற எல்லாக் கெட்டதற்கும் அதுவே காரணம். வாயில் கிருபை, கையில் கணக்குப் புத்தகம்.

கலாத்தியரும் கிறிஸ்துவை மறுதலிக்கவில்லை. "ஆவியினாலே ஆரம்பம்பண்ணின நீங்கள் இப்பொழுது மாம்சத்தினாலே முடிவுபெறப்போகிறீர்களோ?" என்றுதான் பவுல் கேட்கிறார். ஆரம்பத்தில் பிரச்சினை இல்லை, தொடர்ச்சியில்தான்.

அந்தியோகியாவில் பேதுரு செய்ததை நினைத்துப் பாருங்கள். அவருடைய உபதேசத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. புறஜாதியானாகிய கொர்நேலியு வீட்டில் ஆவியானவர் இறங்கியதைக் கண்ணால் கண்டவர் அவர். புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிப்போனார், அவ்வளவுதான். பர்னபாவும் கூடவே இழுபட்டுப்போனார். ஒரு சாப்பாட்டுப் பந்தியில் இடம் மாறி உட்கார்ந்ததற்காக, எல்லாருக்கும் முன்பாக, "சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்றபடி நடக்கவில்லை" என்று பவுல் நேருக்கு நேர் எதிர்க்கிறார். நியாயப்பிரமாணம் திரும்பி வரும்போது விசுவாசப் பிரமாணத்தைத் திருத்திக்கொண்டு வருவதில்லை. யார் யாரோடு உட்காரலாம், யார் இரண்டாந்தர விசுவாசி என்பதில் வருகிறது.

தசமபாகத்தைத் தொடாமல் போனால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. கொடுப்பதற்கு நான் எதிரி அல்ல. பத்தில் ஒன்றை மனதார ஒதுக்குகிறவர்களை மதிக்கிறேன். ஆனால் மல்கியா 3:9-ஐ எடுத்து, கொடுக்காதவன் சபிக்கப்பட்டவன் என்று கிறிஸ்துவுக்குள் இருக்கிற ஒருவரைப் பார்த்துச் சொல்வது கலாத்தியர் 3:13-ஐ அவர் முகத்துக்கு நேரே கிழித்துப்போடுவது. உபாகமம் 14-ஐ யாராவது இதோடு சேர்த்துப் பிரசங்கித்தால் நன்றாயிருக்கும். தூரம் அதிகமென்றால் தசமபாகத்தைப் பணமாக்கி எடுத்துப்போய், ஆடு மாடோ திராட்சரசமோ மதுபானமோ இஷ்டமானதை வாங்கிக் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படு என்கிறது அது. மூன்றாம் வருஷத்துப் பங்கு லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும். இதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

"நியாயப்பிரமாணத்துக்கு முன்பே ஆபிரகாம் தசமபாகம் கொடுத்தாரே" என்று ஒரு பதில் வரும். கொடுத்தார். யுத்தத்தில் மீட்டுக்கொண்டு வந்த பொருளிலிருந்து, மெல்கிசேதேக்குக்கு, எந்தக் கட்டளையும் இல்லாமல். மேலும், ஆபிரகாம் செய்தார், ஆகவே நமக்கும் கட்டளை என்றால், அதே ஆபிரகாம் விருத்தசேதனமும் பண்ணிக்கொண்டார். விருத்தசேதனம் வேண்டும் என்று கலாத்தியாவுக்கு வந்த போதகர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கொரிந்தியருக்குப் பவுல் காணிக்கை கேட்டபோது சாபம் காட்டிக் கேட்கவில்லை. விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, அவனவன் தன் மனதில் நியமித்தபடி என்றார்.

அடுத்த கேள்வி தெரிந்ததுதான். இப்படியே சொல்லிக்கொண்டு போனால் ஜனங்கள் இஷ்டத்துக்கு நடப்பார்களே? பவுலிடமும் இதைக் கேட்டார்கள். "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்வோமா?" என்று ரோமர் 6-இல் அவரே எடுத்து எழுதிப் பதில் சொல்கிறார். ஆனால் ரோமரைவிட கொரிந்து சபைதான் இதற்கு நல்ல உதாரணம். அங்கே சுயாதீனத்தை உண்மையாகவே கெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேசித்தனம்கூட அவர்களுக்குச் சாதாரணமாகிவிட்டிருந்தது. பவுல் என்ன செய்தார்? சபையை விட்டு நீக்கும் அளவுக்குக் கடுமையாகத்தான் எழுதினார். ஆனாலும் அவர்களைச் சீனாய் மலைக்குத் திருப்பி அனுப்பவில்லை. "உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று அறியீர்களா, கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்களே" என்றார். யார் என்பதைச் சொல்லி, அதற்கேற்ப நடக்கச் சொன்னார். நியாயப்பிரமாணத்திலிருந்து அவர் மேற்கோள் காட்டாதவர் அல்ல. எபேசியர் 6-இல் ஐந்தாம் கட்டளையையே எடுத்து வைக்கிறார். ஆனால் அது பிள்ளைகளுக்குச் சொல்கிற புத்தி, பிள்ளைகளாவதற்குக் கட்டுகிற கட்டணம் இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. சுயாதீனத்தைப் புதுச் சட்டமாக மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. உபவாசமா, அது மாம்சம். நாள் குறித்து ஜெபமா, அது மதம். அவர்களுக்குத் தீத்துவையும் தீமோத்தேயுவையும் காட்ட வேண்டும். கிரேக்கனாகிய தீத்துவுக்கு விருத்தசேதனம் வேண்டும் என்று நெருக்கியபோது பவுல் ஒரு நாழிகைகூட இணங்கவில்லை. தகப்பன் கிரேக்கனும் தாய் யூத ஸ்திரீயுமான தீமோத்தேயுவுக்கோ, அந்தப் பக்கத்து யூதரின் நிமித்தம், பவுல் தாமே விருத்தசேதனம் பண்ணுவித்தார். அதுவும் புறஜாதியாருக்கு விருத்தசேதனம் தேவையில்லை என்ற எருசலேம் ஆலோசனைக் கூட்டத்தின் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டே! நிபந்தனையாக வந்தபோது மறுத்தார், அன்புக்காகத் தேவைப்பட்டபோது கொடுத்தார். சடங்கு ஒன்றுதான், ஆனால் முதலாவதில் நீதி விலைபேசப்பட்டது, இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. ரோமர் 14-ஐயும் இந்த வெளிச்சத்தில் வாசித்தால், மரக்கறி சாப்பிடுகிறவனை இகழாதே என்று பவுல் ஏன் சொல்கிறார் என்பது புரியும்.

கடைசியாக யாக்கோபு. கிருபையைப் பற்றி எழுதினால் "கிரியையில்லாத விசுவாசம் செத்தது" என்று அனுப்ப ஒரு கூட்டம் தயாராக இருக்கும். நானும் அதை நம்புகிறேன். யாக்கோபும் ஆதியாகமம் 15:6-ஐத்தான் மேற்கோள் காட்டுகிறார். அந்த விசுவாசம் பலிபீடத்தில் ஈசாக்கைக் கிடத்தியபோது கிரியையில் தெரிந்தது என்கிறார். அது நீதியாக எண்ணப்பட்டு எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு. ஆனால் அந்த வசனத்தை அனுப்புகிறவர்கள், யாக்கோபு அங்கே எந்தக் கிரியையை உதாரணமாக வைக்கிறார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். விருத்தசேதனத்தை அவர் சொல்லவில்லை, ஓய்வுநாளைச் சொல்லவில்லை, தசமபாகத்தையும் சொல்லவில்லை. ஒரு சகோதரனோ சகோதரியோ உடுக்கத் துணியில்லாமல், அன்றைய ஆகாரமில்லாமல் நிற்கும்போது "சமாதானத்தோடே போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோமா, இல்லையா என்பதுதான் 2:15, 16-இல் அவர் கேட்கிற கேள்வி. கலாத்தியர் 5:6-இல் பவுல் சொல்கிற "அன்பினால் கிரியைசெய்கிற விசுவாசம்" இதிலிருந்து எந்த விதத்தில் வேறுபடுகிறது என்று எனக்கு இன்றுவரை யாரும் காட்டவில்லை.