நாற்காலி போட முதுகலைப் பட்டம் எதற்கு?

அந்தக் கலந்துரையாடல் வீடியோவை ஆளாளுக்கு அனுப்பிவிட்டீர்கள். பார்த்துவிட்டேன், போதும். கலை நிர்வாகம், அதாவது நிகழ்ச்சிகளையும் கலை அமைப்புகளையும் நடத்தக் கற்றுத்தரும் முதுகலைப் படிப்பைத்தான் அந்த மேடைக் கலைஞர் கேலி செய்தார். "நாற்காலி போடுறதுக்கெல்லாம் இப்போ மாஸ்டர்ஸ் படிக்கிறாங்களாம்" என்று அவர் சொன்னதைவிட, அதற்கு அரங்கம் கைதட்டியதுதான் சுருக்கென்று தைத்தது. வேறு யாராவது சொல்லியிருந்தால் கடந்து போயிருப்பேன். மேடையில் அவரைப் பார்த்து வாயடைத்துப் போனவர்களில் நானும் ஒருத்தி.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வேண்டும். நிகழ்ச்சி தானாக நடப்பதில்லை. யாரோ நடத்துகிறார்கள். அந்த யாரோவுக்குப் பயிற்சி வேண்டும்.

ஏதோ நேற்று முளைத்த ஃபேஷன் போலப் பேசினார். அமெரிக்காவில் கலைகளுக்கென்று அரசின் தேசிய நிதி அமைப்பு வந்தது 1965இல். அடுத்த வருடமே பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கணக்கைப் போட்டு உடைத்தார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் முடிப்பார்கள். நால்வர் வாசிக்கும் இசையை இன்றைக்கும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், அதே நேரம்தான் பிடிக்கும். சம்பளம் மட்டும் மற்ற துறைகளோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். டிக்கெட் விற்று மட்டும் அந்தப் பள்ளத்தை அடைக்க முடியாது. யார் அடைப்பது? 1969இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளியில் கலை நிர்வாகத்துக்கென்றே ஒரு மையம் வந்தது சும்மாவா?

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாட்டிய நாடகம். நேரலையும் உண்டு என்றார்கள். ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். பயணம், தங்குமிடம், சன்மானம் எல்லாம் இருந்தது. பதிவு செய்வது பற்றி ஒரு வரி இல்லை. இசையமைப்பாளரிடம் தனியாக எழுதி வாங்குங்கள் என்றேன். "அட, நம்ம ஆளும்மா, ஒண்ணும் கேட்க மாட்டார்." நேரலை போனது. பின்னாடியே வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவர் கேட்டதில் என்ன தப்பு? மேடைக்கு இசையமைத்துத் தருவது வேறு, அதைப் பதிவு செய்து ஊர் உலகத்துக்கெல்லாம் காட்டும் உரிமை வேறு. இதை வகுப்பில்தான் படித்தேன். பட்டறை நடத்த வந்த நிதியை அரங்க அமைப்புக்குச் செலவழிக்கக்கூடாது என்பதையும், கிரான்ட்டின், அதாவது நிதியுதவியின், கடைசித் தவணை அறிக்கை கொடுத்த பிறகே வரும், அதுவரை கையில் காசு நிற்கிற மாதிரி பட்ஜெட் போட வேண்டும் என்பதையும் அங்கேதான் படித்தேன். நாற்காலி போடுவது பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் போட்டிருக்கிறேன்.

"அந்தக் காலத்தில் பட்டம் இல்லாமல் நடத்தவில்லையா?" நடத்தினார்கள். யார் கைக்காசு கரைந்தது, எந்தப் பக்கவாத்தியக்காரருக்கு இன்னும் பாக்கி என்பதையும் விசாரித்துப் பாருங்கள். நிறுவியவர் கண்ணை மூடியதும் கூடவே மூடிய அமைப்புகள் கொஞ்சநஞ்சமா?

"பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிப்பு" என்பீர்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளியில் 2021இல் இசை, திரைப்படத் தயாரிப்பாளர் டேவிட் கெஃபன் 15 கோடி டாலர் கொடுத்ததில் எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கட்டணமே ரத்து. நாடக நிர்வாகம் படிப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு கெஃபன் கிடைப்பாரா என்று கேட்காதீர்கள். அதை இன்னொரு நாள் பேசலாம்.

"இவர்களுக்குக் கலை தெரியாது." இதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதே யேலில் நடிகர், ஒளி வடிவமைப்பாளர், நிர்வாகி எல்லோரும் ஒரே பள்ளியில்தான் படிக்கிறார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். வணிகப் பள்ளிக்குள் மட்டும் அடைந்து கிடந்தால் எனக்கும் சந்தேகம் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நானும் பாட்டு கற்றவள். இந்தத் துறையில் பாதிப் பேர் ஏதோ ஒரு மேடையை விட்டு இறங்கி வந்தவர்கள்தான். ஏன் இறங்கினீர்கள் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. நன்றியுரையில்கூட ஸ்பான்சர் பெயரெல்லாம் வரிசையாக வரும், கடைசியில் "மற்றும் குழுவினர்". அந்த "மற்றும்" நாங்கள்தான்.

இன்னொரு கூத்து. பட்டத்தைக் கேலி செய்கிற அதே உலகம்தான் வேலை விளம்பரத்தில் "முதுகலைப் பட்டம் கட்டாயம்" என்று போடுகிறது. கூடவே மூன்று வருட அனுபவம். அந்த அனுபவத்துக்கு வழி? சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். "கலைக்குச் செய்யும் சேவை" என்று அதற்கு ஒரு பூச்சு வேறு. சேவை செய்ய வீட்டு வாடகையை யார் கட்டுவது? ஒளி அமைப்பாளரிடம் இப்படிக் கேட்டால் வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்களிடம் மட்டும் கேட்கலாம், நாங்கள் "ஆர்வத்தில்" வந்தவர்கள் அல்லவா!

கமெண்டில் திட்டுவதென்றால் திட்டுங்கள், பதில் சொல்கிறேன். ஆனால் "உன் ஸ்டூடன்ட்ஸ் யாருக்காவது சொல்லு, நல்ல எக்ஸ்போஷர்" என்று அந்தச் சம்பளமில்லாத வேலை விளம்பரங்களை இனி எனக்கு ஃபார்வர்ட் பண்ணாதீர்கள். பிளாக் செய்துவிடுவேன்.